ஐவரில் ஒருவன்

விட்லாக் பெயர்களைப் படிக்க எழுந்தபோது டென்னிஸ் கியோவின் வாய் நிறைய உருளைக்கிழங்கு இருந்தது. விழுங்கினால் சத்தம் கேட்கும் என்று அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஆல்டர்கில் பேஸ்பால் அணி அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டு ஆற்றங்கரை ஓட்டலில் விருந்துக்குக் கூடியிருந்தது. அணியின் முதலாளி எஸ்ரா விட்லாக். ஊரில் பாதிப் பேர் வேலை பார்க்கும் இரும்பு அடுப்புப் பட்டறையும் அவருடையதுதான். அவர் சொன்னது இதுதான்: சங்கத்திலுள்ள அணிகளின் முதலாளிகள் எல்லோரும் கூடி ஒரு புது ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணியும் தன் பதினோரு ஆட்டக்காரர்களில் ஐந்து பேரைப் பொறுக்கி, அடுத்த வருடமும் இவர்கள் எங்களுக்கே உரியவர்கள் என்று அறிவிக்கும். மற்ற ஆறு பேரும் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம்.

'எங்கே வேண்டுமானாலும்' என்பதை அவர் சொன்ன விதத்திலேயே மேசையின் கோடியில் இருந்தவர்களின் முகம் தொங்கிவிட்டது. ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒரு வருடத்துக்குத்தான். அக்டோபர் முடிந்தால் ஏப்ரல் வரை சம்பளம் கிடையாது. ஏப்ரலில் யாராவது கூப்பிடுவார்களா, கூப்பிட மாட்டார்களா என்ற நினைப்பிலேயே குளிர்காலம் போகும். அந்த நினைப்பு இல்லாத ஐந்து பேர் இனி ஊரில் இருக்கப் போகிறார்கள்.

மூன்றாவதாக அவன் பெயர் வந்தது. டென்னிஸ் உருளைக்கிழங்கை அப்படியே விழுங்கினான். கைதட்டல் எழுந்தது. விட்லாக் தானே நடந்து வந்து அவன் கோட்டில் ஒரு வெள்ளைப் பூவைச் செருகி, கையை மெதுவாகப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை யாரும் அழுத்திப் பிடிப்பதில்லை. டென்னிஸ் கேட்சர். மட்டை வீசுபவனுக்குப் பின்னால் குனிந்து நின்று, கல் மாதிரி வரும் பந்தை வெறுங்கையால் வாங்குகிறவன். அவன் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓட்டோ ப்ரெம்மின் பெயர் வரவில்லை. ஓட்டோ மைதானத்தின் வலது கோடியில் நிற்பவன். அவன் பக்கம் பந்து அதிகம் போகாது. போனாலும் பாதி நேரம் அவன் அதற்குத் தொந்தரவு கொடுக்க மாட்டான். நல்ல மனுஷன். விருந்து முடிந்து வெளியே வந்தபோது மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தான். டென்னிஸுக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்து மதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் பீர் வாங்கிக் கொடுத்தான். காலையில் எழுந்து ஓடு, பந்தை முடிவு வரைக்கும் பார், அடுத்த வருடம் ஐந்தாவதாகவாவது உன் பெயர் வரும் என்றெல்லாம் தேற்றினான். ஓட்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"நீ குடுத்து வச்சவன்டா. உனக்கு இனிமே கவலையே இல்ல" என்றான்.

டென்னிஸுக்கும் அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் டீலியா பூவை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு வைத்தாள். எத்தனை பேரில் ஐந்து என்று கேட்டாள். சொன்னான். அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவள் வயிற்றில் குழந்தை இருந்தது. மார்ச்சில் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

டீலியா காலர் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஆல்டர்கில்லில் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. சட்டையில் தனியாக மாட்டிக்கொள்ளும் காலர்களைக் கஞ்சியில் முக்கிப் பலகை மாதிரி விறைப்பாகத் தேய்த்து அனுப்ப வேண்டும். உள்ளே அடுப்பும் ஆவியும் சேர்ந்து கொதிக்கும். நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்க வேண்டும். மாலையில் வேர்வையோடு வெளியே வந்தால் பனி. போன குளிர்காலத்திலும் அவள் வயிற்றில் ஒரு குழந்தை இருந்தது. ஒரு நாள் இஸ்திரிப் பலகைக்கு முன்னால் சுருண்டு விழுந்தாள். அதோடு அது போய்விட்டது. அன்றைக்கு டென்னிஸ் அவளிடம் சத்தியம் செய்திருந்தான்: அடுத்த முறை, பனி இறுகுவதற்குள் உன்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவேன்.

சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது. ஏழு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டு மாதம் ஓட வேண்டும். அதிலும் முதலாளி உடுப்புக்குப் பிடிப்பார்; வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் சாப்பாட்டுக்குப் பிடிப்பார். உடுப்பை வெளுப்பதற்கும் பிடித்துக்கொண்டிருந்தார். டீலியாதான் சண்டை போட்டு, அதை நானே துவைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தாள். டீலியாவின் கூலி நின்றால் வாடகை நிற்கும்.

ஆனால் இப்போது நிலைமை வேறு. ஐவரில் ஒருவன். கறிக்கடை ஷீஹன் பத்திரிகையில் வந்த ஐந்து பெயர்களைக் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார். டென்னிஸ் போனபோது ஒரு முழம் சாசேஜைத் தாளில் சுற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். பூசை முடிந்து வெளியே வரும்போது பாதிரியாரே கைகுலுக்கினார். இவ்வளவு மதிப்பு உள்ளவனுக்குச் சம்பளமும் அதற்குத் தக்கபடி இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. டென்னிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு விட்லாக்கைப் பார்க்கப் போனான்.

விட்லாக் எழுந்து நின்று வரவேற்றார். டீலியாவைப் பற்றி விசாரித்தார். சம்பளம் என்ற பேச்சு வந்ததும் மோவாயைத் தடவினார். அடுப்பு வியாபாரம் மந்தம், மைதானத்துக்கு வேலி போட்ட கடன் இருக்கிறது, மழையில் கூட்டம் குறைந்தது என்று வரிசையாகச் சொன்னார். கூட்டித் தர வழியே இல்லை. பழைய சம்பளத்துக்கே கையெழுத்துப் போட்டால் குளிர்காலத்துக்குக் கொஞ்சம் முன்பணம் தரலாம் என்றார். டென்னிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"நான் ஒண்ணும் கட்டிப் போட்டு வைக்கிற ஆளு இல்ல, டென்னிஸ். வேற யாராவது உனக்குக் கூடக் குடுத்தா தாராளமா போ. நானே ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேத்தி விடுறேன்."

டென்னிஸ் சந்தோஷமாகவே வீடு திரும்பினான். இவ்வளவு பெருந்தன்மையை அவன் எதிர்பார்க்கவில்லை. டீலியாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சலவைக்கூடத்தில் மேஸ்திரி கூலியைக் குறைத்தால் பெண்கள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு எதிர்ச்சாரிக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் மேஸ்திரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவான். ஒரு ஆள் கேட்டு வந்தால் போதும், விட்லாக்கும் தொப்பியைக் கழற்றுவார் என்றாள்.

ஆள் யாரும் வரவில்லை.

நவம்பர் பாதி போனது. டென்னிஸே மூன்று அணிகளுக்கு எழுதினான். மூன்றிலிருந்தும் பதில் வந்தது. அவனைப் போல ஒரு கேட்சரைப் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவன் ஆட்டத்தைப் பற்றித் தம் பிள்ளைகள் சாப்பிடும்போதுகூடப் பேசுகிறார்கள் என்று இன்னொருவர். மூன்று பேரும் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். வேலைக்கு வா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவனுக்குக் காரணம் பிடிபடவில்லை. குடிகாரன் என்று யாராவது புரளி கிளப்பியிருப்பார்களோ என்று நினைத்தான். அன்றோடு மதுக்கடைக்குள் போவதை விட்டான். அங்கே உட்காராமல் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லோரிடமும் பேசிவிட்டுப் போனான். அவன் குடிப்பதில்லை என்பதற்குச் சாட்சி இருக்கட்டும் என்று. அது அவனை இன்னும் விசித்திரமானவனாகக் காட்டியது. பிறகு, ஐரிஷ்காரன் என்பதால் இருக்குமோ என்று தோன்றியது. ஆனால் எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் ஐரிஷ்காரர்கள். கடைசியில் விரல்களின் மேல் சந்தேகம் வந்தது. ஆகஸ்டில் ஒடிந்த சுண்டுவிரல் சரியாகக் கூடவில்லை. கை போய்விட்டது என்று பேச்சு பரவியிருக்குமோ?

டீலியா அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். அவனைச் சமையலறைக் கோடியில் குனிந்து நிற்கச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதலில் மெதுவாக எறிந்தாள். பிறகு மேலே, கீழே, ஓரத்தில். வயிறு இடிக்காமல் நிற்கக் காலை அகட்டிக்கொண்டு, முகம் சிவக்க, இஸ்திரி போட்டு இறுகிய கையால் பலமாக எறிந்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

"கை நல்லாத்தான் இருக்கு. வேற ஏதோ" என்றாள்.

சிரிப்பு நின்ற பிறகு அவள் இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஓட்டோ வந்தான். அவன் மேல் ஒரு புது ஓவர்கோட் இருந்தது. காலரில் ரோமம் வைத்தது. உள்ளே வந்து அதைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, ஏதோ திருடிவிட்டவனைப் போல இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் மார்ஷ்பரி அணியில் சேர்ந்துவிட்டானாம். முதலில் வேறோர் அணி கூப்பிட்டிருக்கிறது. அது தெரிந்து இன்னொன்று கூடக் கொடுக்க வந்திருக்கிறது. மார்ஷ்பரிக்காரர்கள் அதற்கும் மேலே போயிருக்கிறார்கள். அவன் சொன்ன தொகை டென்னிஸின் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

"எங்கிட்ட என்னத்தக் கண்டாங்கன்னு எனக்கே தெரியலடா" என்றான் ஓட்டோ. "நான் எதுவும் சொல்லல. அவங்களே ஏத்திக்கிட்டுப் போனாங்க. நான் வாயத் திறந்தா காரியம் கெட்டுப்போயிரும்னு சும்மா உக்காந்திருந்தேன்."

டீலியா அவனுக்குத் தேநீர் ஊற்றினாள். டென்னிஸ் வாழ்த்தினான். காலையில் எழுந்து ஓடுகிறாயா என்று கேட்டான். இல்லை என்றான் ஓட்டோ, குற்ற உணர்வோடு. மார்ஷ்பரிக்கு நல்ல கேட்சர் இல்லையே, என்னைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லையா என்று டென்னிஸ் கடைசியில் வாய்விட்டே கேட்டான். ஓட்டோ தன் பங்குக்கு அவன் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். மேனேஜர் சட்டென்று பேச்சைப் பருவநிலை பக்கம் திருப்பிவிட்டாராம்.

ஓட்டோ போன பிறகு டீலியா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"டென்னி, எங்கிட்ட ஏதாவது மறைக்கிறியா?"

"என்னத்த மறைக்க?"

"தெரியல. அதான் கேக்குறேன். ஏதாவது பண்ணிட்டியா? யாரையாவது அடிச்சியா?"

இல்லை என்று அவன் சத்தியம் செய்தான். செய்யும்போதே, ஒருவேளை செய்திருப்பேனோ என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் ரயில் ஏறி மார்ஷ்பரிக்குப் போனான். அங்கே மேனேஜர் லூதர் பேஜ். அவரும் பழைய கேட்சர். டென்னிஸைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். இரண்டு கைகளும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தடுமாறின. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போய்ச் சிப்பிக் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். அங்கே இருந்தவர்களிடம் இவன்தான் ஆல்டர்கில்லின் கியோ என்று காட்டினார். எழுந்து வந்து சிலர் விரல்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூலையில் அவன் பிடித்த ஒரு பந்தைப் பற்றிப் பேஜ் கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். டென்னிஸ் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, உங்கள் அணியில் எனக்கு இடம் வேண்டும் என்றான்.

பேஜின் கை பாதியில் நின்றது. கரண்டியைக் கஞ்சிக்குள் போட்டுக் கிளறினார்.

"நீ விட்லாக்கோட அஞ்சு பேர்ல ஒருத்தனாச்சே."

"ஆமா" என்றான் டென்னிஸ். இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே என்று தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மூணாவது பேரு."

"அதான்."

"எது அதான்?"

பேஜ் அவனையே பார்த்தார். இவன் கிண்டல் செய்கிறானோ என்று யோசிப்பதுபோல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உனக்கு யாரும் சொல்லலையா? விட்லாக் அஞ்சு பேரச் சொன்னா அந்த அஞ்சு பேரை நாங்க யாரும் தொடக் கூடாது. எங்க முதலாளி அஞ்சு பேரச் சொல்லிருக்காரு, அவங்கள விட்லாக் தொட மாட்டாரு. எல்லா அணியும் அப்படித்தான். கை குலுக்கிட்டாங்க. மீறினா நம்ம அணியையே சங்கத்துல இருந்து தூக்கிருவாங்க, எவனும் நம்மகூட ஆட வரமாட்டான்."

"எனக்கு ஒப்பந்தம் முடிஞ்சிருச்சே. அக்டோபரோட முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சுதான்."

"அப்ப நான் யாரோட ஆளு?"

"யாரோட ஆளும் இல்ல. விட்லாக்குக்கு மட்டும்தான் ஆட முடியும், அவ்வளவுதான்."

டென்னிஸ் இதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகப் புரிந்தது. சேர்த்தால் புரியவில்லை.

"விருந்து வச்சாங்களே" என்றான். "பூ குத்திவிட்டாங்க. ஊரே கை தட்டுச்சு."

"எங்க ஊர்லயும் தட்டினாங்க. வாத்தியம்கூட வச்சிருந்தோம்" என்றார் பேஜ். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. "நீ நல்ல ஆளு, அதுல பொய் இல்ல. நல்ல ஆளுங்கதான் விலை ஏத்திட்டுப் போறாங்கன்னுதானே இந்த ஏற்பாடே."

"ஓட்டோவுக்கு மட்டும் எப்படி?"

"ஓட்டோவ யாரும் வேணும்னு சொல்லல. அதனால யாரு வேணா வாங்கலாம். வாங்குறதுக்கு அவன மாதிரி ஆளுங்கதான் மிச்சம், எல்லாரும் அவங்க மேலேயே விழுந்தோம். அவன் எப்படி ஆடுவான்னு எனக்குத் தெரியாதா?"

"நான் அவன விட நல்லா ஆடுறேன்."

"அதனாலதான்டா" என்றார் பேஜ் வருத்தத்தோடு. சாப்பாட்டுக்கு அவரே காசு கொடுத்தார். ரயிலடி வரை வந்தார். கைகாட்டி விழும் வரை நின்றிருந்துவிட்டு, என்னால் முடிந்தால் உனக்கு இரட்டிப்பாகவே கொடுப்பேன் என்றார். அது உண்மை என்று டென்னிஸுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது.

ரயிலில் ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, ஐவரில் ஒருவராமே என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தான். பழக்கதோஷத்தில் ஆமாம் என்று சொல்லிப் புன்னகைத்தான். அவர் அவனுக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது டீலியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவன் மூன்றாம் முறை சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. அப்படியானால் எல்லா மேஸ்திரிகளும் தெருவில் கூடி நின்று, அவரவர் கூடத்து நல்ல இஸ்திரிக்காரியை மற்றவன் சேர்ப்பதில்லை என்று பேசிக்கொண்ட மாதிரி என்றாள். டென்னிஸ் ஆமாம் என்றான். அதற்கு எங்களுக்குப் பூ வேறு குத்திவிட்டு, நாங்களும் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு வைத்த மாதிரி என்றாள். அதற்கும் ஆமாம் என்றான். அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நேராகப் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தால் என்ன? ஐவரில் ஒருவனாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாருக்காவது கொடுக்கட்டும்.

டென்னிஸ் இரண்டு நாள் தயங்கினான். கொடுத்த மரியாதையைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. பூவாவது இருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். அது நவம்பரிலேயே அழுகிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் சலவைக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. டீலியா மயங்கிவிட்டாள். ஓடிப் போனான். கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் அவளை உட்கார வைத்து, பெண்கள் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் சூடுதான் என்று அவள் சொன்னாள். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அசைகிறதா என்று அவன் கேட்டான். அவள் குனிந்து கவனித்தாள். பிறகு ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, போட்டிருந்த அழுக்குக் கோட்டோடு விட்லாக்கின் அலுவலகத்துக்குப் போனான்.

விட்லாக் இந்த முறையும் எழுந்து நின்றுதான் வரவேற்றார். டென்னிஸ் உட்காரவில்லை.

"என் பேர எடுத்துருங்க, மிஸ்டர் விட்லாக். அந்த அஞ்சு பேர்ல எனக்கு இடம் வேண்டாம்."

அவர் உண்மையாகவே திடுக்கிட்டுப் போனார். டென்னிஸ் அதைக் கவனித்தான். அவன் பந்து பிடிக்கிறவன், ஆள் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்தே பழகியவன். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. மனம் புண்பட்ட கிழவரின் முகம்தான் அது.

உன்னை யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அணியில் பொறாமையா? டென்னிஸ் மார்ஷ்பரியில் கேட்டதைச் சொன்னான். கூடக் கொடுத்தால் போ என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். இப்போதும் அதையே சொல்கிறேன் என்றார் விட்லாக். கொடுக்கக் கூடாது என்று நீங்களே எல்லோரும் பேசி வைத்திருக்கிறீர்களே என்றான். அது முதலாளிகளுக்குள் ஒரு மரியாதை, அடுத்தவன் வீட்டுப் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லித் தந்தார்களே, அதுபோல, என்று அவர் விளக்கினார். இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லாவிட்டால் சம்பளம் ஏறி ஏறி அணிகளெல்லாம் ஒரே வருடத்தில் மூழ்கிவிடும். அப்புறம் யாருக்குமே வேலை இருக்காது. அவர் பேசப் பேச எல்லாமே நியாயமாக இருந்தது. அந்த நியாயத்துக்குள் தன் சம்பளம் எந்த இடத்தில் காணாமல் போனது என்று டென்னிஸ் தேடிக்கொண்டே நின்றான்.

"அந்தப் பொறாமையப் பத்தி நீ கவலைப்படாத" என்றார் விட்லாக் கடைசியில், அவனைத் தேற்றுகிற குரலில். "அதுக்கும் வழி பேசிட்டிருக்கோம். அஞ்சு பேரு மட்டும்னா மத்தவனுக்கு வருத்தமாத்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல பதினோரு பேரா ஆக்கிரப் போறோம். எல்லாருக்கும் அந்த மரியாதை கிடைச்சிரும்."

"அணியே பதினோரு பேருதானே?"

"அதான் சொல்றேன். ஒருத்தன் விடாம."

டென்னிஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒப்பந்தம் அவர் மேசையில் தயாராக இருந்தது. அவர் அதை எடுத்து மறைக்கவும் இல்லை, அவன் பக்கம் தள்ளவும் இல்லை. பழைய சம்பளம்தான். முன்பணம் இன்றைக்கே தரலாம் என்றார். ஏப்ரல் வரை வாடகைக்கும் கரிக்கும் அது காணும். டென்னிஸ் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். படகுத்துறையில் மூட்டை தூக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் ஆறு உறைந்துவிடும், துறையை மூடிவிடுவார்கள். அடுப்புப் பட்டறைக்குப் போகலாம், அது இவருடையது. பேஜின் ஊருக்குப் போகலாம். அங்கே சிப்பிக் கஞ்சி கிடைக்கும்.

"உடுப்புக்குப் பிடிக்காதீங்க" என்றான். தான் கேட்க வந்தது இதுவல்ல என்று கேட்கும்போதே தெரிந்தது.

விட்லாக் சற்று யோசித்தார். ஆகட்டும், உனக்காக, யாரிடமும் சொல்லாதே என்றார். பேனாவை மையில் தொட்டு அவனுக்கு வாகாக, விரல்களுக்கு இடையில் வைத்துக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றி" என்றான் டென்னிஸ்.

தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை அவனை உறுத்தத் தொடங்கியது. எதற்காக நன்றி சொன்னோம்? இதுவரை அவனிடமிருந்து பிடித்ததை இனிப் பிடிக்காமல் விடுவதற்கு. பழைய சம்பளத்தை இன்னொரு வருடம் வாங்கிக்கொள்ள விடுவதற்கு. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு குத்தாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம். பனி தூற ஆரம்பித்திருந்தது. எதிரில் வந்த இரண்டு பேர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். அவனும் தொப்பியைத் தொட்டான்.

சலவைக்கூடத்தில் டீலியா பெட்டியின் மேல் இல்லை. மறுபடியும் பலகைக்கு முன்னால் நின்று காலர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. ஆவிக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. அவன் அருகில் போய் இஸ்திரிப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தாங்கியின் மேல் வைத்தான். சூடு அவன் விரலில் பட்டது. அவனுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை.

"போலாம் வா. இனிமே வரவேண்டாம்" என்றான்.

"பேர எடுத்துட்டாரா?"

"இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

பக்கத்துப் பலகையில் நின்ற பெண்கள் அதைக் கேட்டு, அடுத்த வருடமும் கியோ நம்ம ஊர்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். டீலியா ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்த முடிச்சு அவிழ நேரமாயிற்று.

"எவ்வளவுக்கு?" என்றாள்.

"பழைய சம்பளம்தான். உடுப்புக்குப் பிடிக்க மாட்டாராம்."

அவளுக்குக் கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏப்ரனை மடித்துப் பலகை மேல் வைத்துவிட்டு, சால்வையை எடுத்து வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும் குளிர் காற்று முகத்தில் அறைந்தது. அவன் அவள் பக்கமாகக் காற்றை மறைத்துக்கொண்டு நடந்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு, பதினோரு பேரையும் சேர்க்கப் போகிறார்களாம் என்று சொன்னான். எல்லா ஊரிலும். ஓட்டோவும் அதில் வந்துவிடுவான்.

டீலியா நின்றாள்.

"அந்தக் கோட்டு வாங்கினவனா?"

"ஆமா. அஞ்சு பேர்ல வரலையேன்னு அன்னைக்கு அழுதான்ல. கேட்டா சந்தோஷப்படுவான்."

"நீ போய்ச் சொல்லப் போறியா?"

அவன் யோசித்தான். சொல்வதானால் கடிதம்தான் எழுத வேண்டும், அதுவும் எழுத்துக் கூட்டி. வாழ்த்துகள் என்று ஆரம்பிப்பதா, வேறு ஏதாவது எழுதுவதா என்று தெரியவில்லை. வேறு ஏதாவது என்றால் அதை எப்படிச் சொல்வது, சேர்த்துப் பார்த்தால் தனக்கே புரியாததை? அவள் பதிலுக்குக் காத்திராமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். மிகவும் மெதுவாக ஏறினாள். அவனும் அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டான்.